பவளமாய் ஒளிரும் படை

“தொடை இடுக்குல படை மாதிரி இருக்குண்ணே, நல்ல ஆயின்மென்ட் ஒண்ணு குடுங்க.” மருந்துக்கடைகளில் தணிந்த குரலில் தினமும் கேட்கும் கோரிக்கை இது. கடைக்காரர் ஒரு ட்யூபை எடுத்து நீட்டுகிறார். அந்தப் படையை அவர் பார்க்கவில்லை. காட்டச் சொல்லவும் அவருக்கு வழியில்லை. வாங்கியவரும் வீட்டுக்குப் போய், கண்ணாடியில்கூடச் சரியாகப் பார்க்காமல், தடவிக்கொள்கிறார். அரிப்பு அடங்குகிறது, ட்யூப் தீர்கிறது, படை மட்டும் அங்கேயே இருக்கிறது. வருடக்கணக்கில் இப்படியே ஓடுகிறது.

தோல் மடிப்பில் எது வந்தாலும் அதற்குப் படர்தாமரை என்று பெயர் வைத்துவிடுவது நம் வழக்கம். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்பகத்தின் அடியிலும் கால்விரல் இடுக்கிலும், படர்தாமரையைப் போலவே தோற்றம் காட்டிக்கொண்டு, பூஞ்சைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு நோய் வருகிறது. எரித்ராஸ்மா என்று அதற்குப் பெயர். அதை உண்டாக்குவது கோரினிபாக்டீரியம் மினுட்டிசிமம் என்ற பாக்டீரியா. கண்டுபிடிப்பதும் சுலபம், குணப்படுத்துவதும் சுலபம். அப்படியிருந்தும் எத்தனையோ பேர் தவறான மருந்தைத் தடவிக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். அதனால்தான் இந்த நோயைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தப் பாக்டீரியா யார் என்று பார்த்துவிடலாம். கோரினிபாக்டீரியம் ஒரு பெரிய குடும்பம். தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவை உண்டாக்குவதும் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான். ஆனால் இதன் உறுப்பினர்களில் பெரும்பாலானவை சாதுவானவை. நம் தோலின் ஈரமான பகுதிகளில் பிறந்ததிலிருந்தே குடியிருப்பவை. அக்குள் வியர்வைக்கு வாடை வருவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. சுரக்கும்போது ஏறக்குறைய மணமில்லாமல் இருக்கும் அக்குள் வியர்வையை இவைதான் உடைத்து வாடையுள்ள பொருள்களாக்குகின்றன. எரித்ராஸ்மாவை உண்டாக்கும் பாக்டீரியாவும் ஆரோக்கியமானவர்களின் தோலில் சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடியதே. ஆகவே இந்த நோய் வந்தவர் அழுக்கானவர் என்றோ, யாரிடமிருந்தோ ‘வாங்கி வந்தவர்’ என்றோ நினைப்பது தவறு. தொடை இடுக்கில் வருவதாலேயே இதைப் பாலியல் நோய் என்று எண்ணிக் குடும்பத்துக்குள் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை.

சாதுவாக இருந்தது ஏன் நோயாக மாறுகிறது? பதில் மடிப்பிலேயே இருக்கிறது. கையிலோ முதுகிலோ சுரக்கும் வியர்வை காற்றுப் பட்டு உலர்ந்துவிடும். மடிப்பில் தோலும் தோலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் வியர்வை போக வழியில்லை. தோலின் மேலடுக்கு, இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான ஒரு கவசம். அது ஈரத்தில் ஊறி உப்பி மென்மையாகிவிடுகிறது. நடக்கும்போது ஏற்படும் உராய்வு அதை இன்னும் நைத்துவிடுகிறது. சாதாரணத் தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். அந்த அமிலமே பல கிருமிகளை அடக்கி வைக்கிறது. மடிப்புகளில் இந்த அளவு உயர்ந்து, அமிலக் காவல் தளர்கிறது. வெதுவெதுப்பு, ஈரம், நைந்த தோல், குறைந்த அமிலம் நான்கும் சேரும்போது பாக்டீரியா பெருகி அந்த மேலடுக்குக்குள் இறங்குகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், இறந்த செல்களின் இடைவெளியிலும் செல்களுக்கு உள்ளேயும் பாக்டீரியா புகுந்து, அங்குள்ள கெரட்டின் புரதம் அரிக்கப்பட்டிருப்பது தெரியும். அதற்குக் கீழே உயிருள்ள தோலுக்குள் அது இறங்குவதில்லை. பெரும்பாலோருக்கு வலியோ சீழோ காய்ச்சலோ வராததற்கு இதுவே காரணம். நோய் எதிர்ப்பு மிகவும் குன்றியவர்களுக்கு மட்டும் அரிதாக இது ரத்தத்தில் கலந்து தீவிரமான தொற்றை உண்டாக்கியிருக்கிறது.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்கிறவர்களுக்குப் புழுக்கம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் எரித்ராஸ்மா அதிகம். சர்க்கரை நோயாளிகள், உடல் எடை கூடியவர்கள், அதிகமாக வியர்ப்பவர்கள், வயதானவர்கள், நாள் முழுக்க ஷூ போட்டு நிற்கும் காவலர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல்.

பார்க்க எப்படி இருக்கும்? விளிம்பு தெளிவாகத் தெரிகிற ஒரு திட்டு. மேலே மெல்லிய பொடிச் செதில், சில இடங்களில் பட்டுத்தாள் கசங்கினாற்போலச் சுருக்கம். அரிப்பு பெரும்பாலும் இருக்காது; இருந்தாலும் லேசாகவே இருக்கும். படர்தாமரை அப்படியல்ல. அது வட்டமாகப் பரவும். ஓரம் மேடிட்டுச் சிவந்து பொரிப்பொரியாக இருக்கும். நடுப்பகுதி ஓரளவு தெளிந்துவிடும். அரிப்போ ராத்திரி தூங்கவிடாது. எரித்ராஸ்மாவில் ஓரமும் நடுவும் ஒரே சீராக இருக்கும். கேண்டிடா என்ற பூஞ்சை மடிப்பில் வந்தால், ரத்தச் சிவப்பாக எரிச்சலோடு இருக்கும். முக்கியத் திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சொரியாசிஸும் மடிப்புகளில் வருவதுண்டு. அங்கே அது வழக்கமான வெள்ளிச் செதில் இல்லாமல் வழவழப்பான சிவப்பாகத் தெரிந்து மருத்துவர்களையே யோசிக்க வைக்கும்.

இங்கே நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடநூல்கள் எரித்ராஸ்மா முதலில் இளஞ்சிவப்பாகத் தொடங்கிப் பின்பு பழுப்பாகும் என்கின்றன. அந்த வர்ணனை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. தொடக்கத்திலிருந்தே பழுப்பாகவோ கறுப்பாகவோதான் தெரியும். அதனால் நம்மில் பலர் அதை நோய் என்றே நினைப்பதில்லை. தொடை உரசிக் கறுத்துவிட்டது, அக்குளில் முடி மழித்ததால் கறுத்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இளம் பெண்கள் சிலர் அக்குள் கறுப்பைப் போக்க வெளுப்பாக்கும் க்ரீம்களை வாங்கிப் பூசுகிறார்கள். கறுப்பு எல்லாம் எரித்ராஸ்மா ஆகிவிடாது என்பதும் உண்மை. கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால், அது இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு வேறு வைத்தியம். கண்ணால் மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நல்லவேளையாக, இந்த நோய் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. தோல் மருத்துவர் அறையை இருட்டாக்கி, கையடக்கமான ஒரு விளக்கைத் திட்டின்மேல் பிடிக்கிறார். பழுப்பாகக் கிடந்த இடம் பவளச் சிவப்பாக ஒளிர்கிறது. எரித்ராஸ்மாவை ஒருமுறை இப்படிப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

வுட்ஸ் விளக்கு என்று அதற்குப் பெயர். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1903-ல் உருவாக்கிய ஒரு சிறப்பு வடிகட்டிதான் அதன் உயிர். நிக்கல் ஆக்ஸைடு கலந்த கண்ணாடி அது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிட்டு, 365 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதாக் கதிரை மட்டும் வெளியே விடும். வங்கிகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கப் பயன்படுத்தும் விளக்குகளும் இதே வகைக் கதிரைத்தான் வீசுகின்றன. 1925-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் மார்காரோவும் தெவேஸும் முடியில் வரும் பூஞ்சைத் தொற்றைக் கண்டறிய இந்த ஒளியைப் பயன்படுத்தினார்கள். தோல் மருத்துவத்துக்குள் அது நுழைந்த கதை அதுதான்.

ஒளிர்வதற்குக் காரணம் பாக்டீரியா தயாரிக்கும் கோப்ரோபார்ஃபிரின் என்ற வேதிப்பொருள். நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் மூலக்கூறின் நெருங்கிய உறவு அது. பார்ஃபிரின்கள் புற ஊதாக் கதிரை விழுங்கி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியைச் சிவப்பு ஒளியாகத் திருப்பி உமிழ்கின்றன. தொடை இடுக்கில் வரும் படர்தாமரைப் பூஞ்சை இப்படி ஒளிர்வதில்லை. தேமல் மஞ்சளாக மங்கி ஒளிரும். சூடோமோனாஸ் பாக்டீரியா பச்சையாக ஒளிரும். வெண்புள்ளி பளிச்சென்ற நீலவெள்ளையாகத் தெரியும். ஊசியோ வலியோ இல்லாமல், சில நொடிகளில் இத்தனையும் தெரிந்துவிடுகின்றன.

ஒரு சிக்கல் உண்டு. பார்ஃபிரின் தண்ணீரில் கரைந்து போகக்கூடியது. மருத்துவரிடம் போகிறோமே என்று நோயாளி நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால், நோய் இருந்தும் விளக்கில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மருத்துவரைப் பார்க்கப் போகிற அன்று காலையில் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமலும் களிம்போ பவுடரோ பூசாமலும் போவது நல்லது. விளக்கோடு நின்றுவிடாமல், செதிலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒரே இடத்தில் சேர்ந்தே குடியிருப்பது சகஜம், குறிப்பாகக் கால்விரல் இடுக்கில்.

இத்தனை தெளிவாக ஒளிரும் நோயை மருத்துவ உலகம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தவறாகப் புரிந்துவைத்திருந்தது. 1859-ல் ஜெர்மானியரான புர்க்ஹார்ட் இதை முதலில் விவரித்தார். 1862-ல் ஃபான் பேரன்ஸ்ப்ருங் எரித்ராஸ்மா என்று பெயரிட்டார். செதிலில் தெரிந்த மெல்லிய இழைகளைப் பார்த்த அவர்கள் இது ஒரு பூஞ்சை என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவே பாடநூல்களில் நிலைத்துவிட்டது. 1961-ல்தான் சர்கானி, டாப்ளின், பிளாங்க் ஆகிய மூவரும் நோயிடத்திலிருந்து பாக்டீரியாவை வளர்த்தெடுத்து, எரித்ரோமைசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்துக்கு நோய் கட்டுப்படுவதையும் காட்டினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கிரைசியோஃபுல்வின் என்ற பூஞ்சை மாத்திரை புழக்கத்துக்கு வந்து படர்தாமரை வைத்தியத்தையே புரட்டிப் போட்டிருந்தது. எரித்ராஸ்மாவுக்கு அது பயன்படவில்லை. பூஞ்சையே இல்லாத இடத்தில் பூஞ்சை மருந்து என்ன செய்யும்? அறிவியல் 1961-லேயே திருத்திக்கொண்ட பிழையை நாம் மருந்துக்கடை வாசலில் இன்றும் தொடர்கிறோம்.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. மைக்கோனசோல், குளோட்ரிமசோல் போன்ற சில பூஞ்சைக் களிம்புகளுக்கு இந்த வகைப் பாக்டீரியாவையும் ஓரளவு அடக்கும் திறன் உண்டு. அதைத் தடவியதும் எரித்ராஸ்மா மங்கிவிட்டால், பூஞ்சை என்று நினைத்தது சரிதான் என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. நிறுத்திய சில வாரங்களில் மீண்டும் வந்தால், அடுத்த கட்டமாகப் பூஞ்சை மாத்திரைக்குப் போகிறார்கள். அந்த மாத்திரைகள் பாக்டீரியாவை ஒன்றும் செய்யப்போவதில்லை. வயிற்றுக்குள் போகும் தேவையற்ற மருந்துதான் மிச்சம்.

சரியான வைத்தியம் மிகவும் சாதாரணமானது. சிறிய திட்டுக்கு ஃபியூசிடிக் அமிலக் களிம்போ, கிளின்டாமைசின் அல்லது எரித்ரோமைசின் லோஷனோ ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறக்குறைய இரண்டு வாரம் பூச மருத்துவர் சொல்வார். பென்ஸாயில் பெராக்ஸைடு கலந்த கழுவு திரவத்தையும் சிலருக்குத் தருவதுண்டு. துணியில் பட்டால் சாயத்தை வெளுத்துவிடும், கவனம். பல இடங்களில் பரவியிருந்தால் கிளாரித்ரோமைசின் ஒரு கிராம் ஒரே ஒரு வேளை விழுங்குவதும், எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் நாளைக்கு நான்கு வேளையாக 14 நாள் விழுங்குவதும் வழக்கத்தில் உள்ள முறைகள். ஒரே வேளை மாத்திரைதானே, நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கொழுப்பைக் குறைக்கச் சாப்பிடும் சிம்வாஸ்டாடின், அடார்வாஸ்டாடின் போன்ற மாத்திரைகளோடு கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் தசைகள் பாதிக்கப்படலாம். கிளைபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. எரித்ராஸ்மா அதிகம் வருவது சர்க்கரை நோயாளிகளுக்கு. இந்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே. எரித்ரோமைசினுக்கு மசியாத பாக்டீரியா வகைகளும் பதிவாகியிருக்கின்றன. கண்டபடி சாப்பிட்டால் அவை இன்னும் பெருகும்.

இன்னொன்று. பாக்டீரியா செத்த பிறகும் அது விட்டுச்சென்ற பார்ஃபிரின் தோலின் மேலடுக்கில் சில நாள் தங்கியிருக்கலாம். விளக்கில் இன்னும் லேசாக ஒளிர்கிறதே என்று மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை. பழுப்பு நிறம் மறையவும் கொஞ்ச காலம் பிடிக்கும்.

இனி, கடையில் கொடுக்கப்படும் அந்த ட்யூபைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்தியாவில் படைக்கு விற்கும் களிம்புகளில் ஒரு வகை, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்தது. ‘எதுவாக இருந்தாலும் கேட்கும்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அமுக்கிவிடும். மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கையைத் தரும். அதே நேரத்தில் தோலின் எதிர்ப்பையும் அது அமுக்குவதால், அடியில் பூஞ்சை இருந்தால் தங்குதடையின்றிப் பரவும். அப்படிப் பரவிய படர்தாமரை தன் வழக்கமான வட்ட வடிவத்தை இழந்து, அடையாளமே தெரியாமல் போய்விடும்.

மடிப்புகளில் இந்த ஆபத்து பல மடங்கு. 1967-ல் ஃபெல்ட்மேனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். முன்கையில் உறிஞ்சப்படும் அளவை ஒன்று என வைத்துக்கொண்டால், அக்குளில் 3.6 மடங்கு, விதைப்பையில் 42 மடங்கு. கையில் தடவினால் தாங்கிக்கொள்ளும் மருந்து தொடை இடுக்கில் தோலை வெங்காயச் சருகுபோல மெலிய வைத்துவிடும். பிறகு வரும் வரித் தழும்புகள் ஆயுளுக்கும் போகாது. நோயால் வந்த பழுப்பு போய்விடக்கூடியது, மருந்தால் வந்த வடு போகாது என்கிற நிலை எவ்வளவு கொடுமை! 2018-ல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. சட்டம் சரி. கடையில் சீட்டுக் கேட்கிறார்களா என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எரித்ராஸ்மா மிக அதிகமாக வரும் இடம் கால். அதிலும் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில். நெருக்கம் அதிகமுள்ள இடுக்கு அதுதான். தோல் வெளுத்து, ஊறி, உரிந்து கிடக்கும். நாம் சேற்றுப்புண் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். வயலில் நாற்று நடுகிறவர்களுக்கும், மழைக்காலத்தில் ஈர ஷூவோடு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பழகிப்போன தொல்லை. பூஞ்சை, எரித்ராஸ்மா, வேறு பாக்டீரியாக்கள் எல்லாம் இங்கே கலந்து வாழும். மடிப்பு நோய்களில் அலட்சியம் செய்யவே கூடாத இடம் இது. இடுக்கில் விழும் ஒரு சிறு வெடிப்பு வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியா உள்ளே நுழைந்து, கால் முழுக்க வீங்கிச் சிவந்து காய்ச்சல் வரும் செல்லுலைட்டிஸ் உண்டாகலாம். சர்க்கரை நோயாளிக்கு அது காலையே பறிக்கிற வரை போகக்கூடும்.

யானைக்கால் நோய் இருந்த ஊர்க்காரர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். யானைக்கால் வந்தவர்களுக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து கால் இன்னும் தடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் விரல் இடுக்கில் இருக்கும் இப்படிப்பட்ட புண்களே. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாக உலர்த்தினாலே அந்தக் காய்ச்சல்கள் கணிசமாகக் குறைகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் யானைக்கால் பராமரிப்பில் முதல் படியே இதுதான்.

உலர்த்துவது என்ற இந்தச் சாதாரண வேலைதான் எரித்ராஸ்மா திரும்ப வராமல் தடுப்பதற்கும் வழி. மருந்து பாக்டீரியாவைக் குறைக்கும். ஈரம் தொடர்ந்தால் அது மீண்டும் பெருகும். குளித்ததும் அவசரமாக உடுத்திக்கொள்வது நம் பழக்கம். மடிப்புகளை விலக்கி, மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, ஓரிரு நிமிடம் மின்விசிறிக் காற்றுப் படவிட்டுப் பிறகு உடுத்துங்கள். அழுத்தித் தேய்த்தால் நைந்த தோல் மேலும் நையும். ஈரத் தோலில் கொட்டும் பவுடர் மாவாகக் குழைந்து மடிப்பில் கட்டிக்கொள்ளும். உள்ளாடை பருத்தியில், தளர்வாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டுக்கொள்வது இந்த நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு விடுப்பதற்குச் சமம். மார்பகம் பெரிதாக உள்ள பெண்கள் அடியில் ஒரு சுத்தமான மல் துணிப்பட்டையை வைத்து, ஈரமானதும் மாற்றிக்கொள்ளலாம். எலுமிச்சையைத் தேய்ப்பது, கிருமிநாசினித் திரவத்தை நீர் கலக்காமல் ஊற்றுவது, பூண்டை அரைத்துக் கட்டுவது எல்லாம் மடிப்புத் தோலை வெந்துபோகச் செய்யும்.

மருந்து முடிந்து, உலர்த்தியும் பார்த்து, அப்படியும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாத ஒருவருக்கு முதல் சைகையாக இந்தப் படை வருவதும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டக் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த மருத்துவர்கள் தினமும் பார்ப்பதே இவற்றைத்தான்.

தன் உடம்பின் மடிப்புகளைத் தானே குனிந்து பார்க்க முடியாதவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மூட்டுவலியால் காலைத் தொட முடியாத பாட்டி, பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பா, பார்வை மங்கிய சர்க்கரை நோயாளி. அவர்களுக்கு அரிக்காது, வலிக்காது. அதனால் சொல்லவும் மாட்டார்கள். அவர்களைக் குளிப்பாட்டுகிறவர், உடம்பு துடைத்துவிடுகிறவர் நீங்களாக இருந்தால், இன்றைக்கே மார்பின் அடியையும் அக்குளையும் தொடை இடுக்கையும் ஒவ்வொரு கால்விரல் இடுக்கையும் விலக்கிப் பாருங்கள். பழுப்பாகவோ வெளுத்து ஊறியோ ஏதாவது தெரிந்தால், எதையும் தடவாமல் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போய், விளக்கில் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.